கணக்கேடும் ஒரு தொண்டே

தொண்டு என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன, வெள்ளத்தில் அகப்பட்டோரைத் தோணியில் ஏற்றுதலும், பசித்தோர்க்குச் சோறிடுதலும், கிணறு தோண்டுதலும், வீடு கட்டுதலுமேயாம். மேசையொன்றின் முன்னமர்ந்து பற்றுச்சீட்டுகளுக்கு எண்ணிட்டு அடுக்கி வைப்பவரைத் தொண்டர் என்று எவரும் அழைப்பதில்லை. ஆயினும், பிறநாட்டு நிதியைக் கொண்டு நடைபெறும் அபிவிருத்தித் திட்டமொன்றில், கொடுப்போன் கைக்கும் பெறுவோன் கைக்கும் இடையே கிடக்கும் நெடுவழி முழுவதும் காகிதத்தால் அமைந்தது. அவ்வழியிற் தாளொன்று தவறுமாயின், எங்கோ ஒரு கிராமத்திற் சுவரெழும்பிய வீடொன்று கூரையின்றி மழையில் நனையும். இவ்வுண்மையைத் திருகோணமலை மாவட்டத்தின் அநுபவங்கொண்டு விளக்குவதும், நம் கல்லூரியின் பழைய மாணவர் இத்துறையில் ஆற்றக்கூடிய பணி யாதென எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம்

உலகப் புகழ் வாய்ந்த இயற்கைத் துறைமுகம் நம்முடையது. 1957ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கிய இத்துறைமுகத்தின் பெருமையை உலகம் அறியும். அதனைச் சூழ்ந்து வாழும் உழவரும் கடற்றொழிலாளரும் அடைந்த துன்பத்தை அறிந்தோர் சிலரே. நெடுங்காலம் நீடித்த போரும், 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையும், இம்மாவட்டத்தின் கரையோர ஊர்கள் பலவற்றை மீண்டும் மீண்டும் அழித்தன.

அழிவைத் தொடர்ந்து உதவியும் வந்தது. 1990களின் இறுதியில் ஜேர்மன் தொழினுட்ப ஒத்துழைப்பு நிறுவனத்தின் துணையோடு ஒருங்கிணைந்த உணவுப் பாதுகாப்புத் திட்டம் இங்கு நடைபெற்றது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் பன்னாட்டு நிறுவனங்கள் பல ஒரே காலத்தில் வந்திறங்கின. பாதையில் ஏறி நீரைக் கடந்துவந்த கிண்ணியா மக்கள், சவூதி அரேபியாவின் நிதியுதவியால் 396 மீற்றர் நீளமுள்ள பாலமொன்றை 2009ஆம் ஆண்டு பெற்றனர். இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தில், 2012ஆம் ஆண்டு தொடக்கம், வடக்கிலும் கிழக்கிலும் வீடொன்றுக்கு 550,000 ரூபா வீதம் வழங்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள், 2015ஆம் ஆண்டு முதற்கொண்டு தம் நிலத்துக்கு மீளலாயினர். அவர்கட்கும் வீடும் நீரும் தொழிலும் வேண்டியிருந்தன.

பணம் செல்லும் வழி

இத்தகைய உதவி மக்களைச் சென்றடையும் முறையைச் சிறிது விரித்து நோக்குவோம். ஆழிப்பேரலைக்குப் பின்னர், தம் காணியிலேயே தாமே வீடு கட்டிய குடும்பங்களுட் வீடு முற்றாக அழிந்தோர்க்கு 250,000 ரூபா நான்கு தவணைகளிலும், பகுதியாகச் சிதைந்தோர்க்கு 100,000 ரூபா இரண்டு தவணைகளிலும் வழங்கும் ஏற்பாடு இருந்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் பணம் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்கிற்கே அனுப்பப்பட்டது. முன்பெற்ற பணத்துக்குரிய வேலை முடிந்தது என்று தொழினுட்ப உத்தியோகத்தர் பார்வையிட்டு உறுதிப்படுத்திய பின்னரே அடுத்த தவணை விடுவிக்கப்படும். கொடுத்த பணம் வேறு வழியிற் செல்லாது தடுக்கும் நல்ல முறை இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதன் மறுபக்கத்தையுங் காண்டல் வேண்டும். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ போரில் எரிந்து போயிருக்கலாம். அடையாள அட்டையில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் வேறொரு பெயரும் எழுதப்பட்டிருக்கலாம். உத்தியோகத்தரின் அறிக்கை ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குச் செல்ல மூன்று கிழமை பிடிக்கலாம். ஐப்பசி பிறந்தால் நம் பகுதியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிடும். கூரைக்குரிய தவணை புரட்டாதியிற் கிடைத்தாற் குடும்பம் தன் வீட்டிற்குள் மாரியைக் கழிக்கும். கார்த்திகையிற் கிடைத்தால், தறப்பாளின் கீழே கழிக்கும். இடையில் வட்டிக்குக் கடன் வாங்கித் தகடும் மரமும் எடுத்தவர், பின்னர் வரும் தவணையின் ஒரு பகுதியை வட்டிக்கே இழப்பர். ஆகவே, கோப்பொன்றை உரிய நாளில் முழுமையாக்கி அனுப்புபவர், கொத்தனாருக்கும் தச்சருக்கும் எவ்வாற்றானுங் குறைந்தவரல்லர்.

நிதித் தொண்டரின் பணி

இனி, நிதித்துறையில் தொண்டாற்ற முன்வருபவர் செய்வது யாது? பெரிய நிறுவனங்கள் சம்பளம் பெறும் கணக்காளரை வைத்திருக்கும். ஆனால் அவற்றின் பணத்தை இறுதியிற் செலவிடுவது பெரும்பாலும் கிராம அபிவிருத்திச் சங்கமோ, மாதர் சங்கமோ, கமக்காரர் அமைப்போ, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ ஆகும். அங்கேதான் கணக்கறிந்தவரின் துணை மிகவும் வேண்டப்படுகிறது.

முதலாவது, காசேட்டை நாள்தோறும் எழுதுதல். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் உறுதிச்சீட்டும், கடைக்காரரின் பற்றுச்சீட்டும், அங்கீகரித்தவரின் கையொப்பமும் இருத்தல் வேண்டும். சில்லறைச் செலவுக்கென ஒரு சிறுதொகையைப் புறம்பாக வைத்து, அது குறைந்தவுடன் கணக்குக் காட்டி நிரப்புதல் வேண்டும்.

இரண்டாவது, மாதந்தோறும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரித்தல். இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். சங்கமொன்றின் காசேட்டில் 185,000 ரூபா மீதி. வங்கி அறிக்கையிலோ 240,000 ரூபா மீதி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடாகிய 55,000 ரூபா, மணல் ஏற்றியவருக்கு எழுதப்பட்டு அவரால் இன்னும் வங்கியிற் கொடுக்கப்படாத காசோலையாகும். இதை அறியாத செயலாளர் வங்கி மீதியை நம்பிச் சீமெந்துக் கடைக்கு 200,000 ரூபாவுக்குக் காசோலை எழுதிவிட்டார். மணற்காரர் முந்திக்கொள்ள, சீமெந்துக் கடைக்காரரின் காசோலை திரும்புகிறது. அன்று முதல் அக்கடையில் அச்சங்கத்துக்குக் கடன் இல்லை. ஊரிலோ, பணம் கையாடப்பட்டது என்னும் பேச்சு. ஒருவரும் ஒரு சதமேனும் எடுக்காதபோதும் நல்லபெயர் போய்விடுகிறது.

மூன்றாவது, வரவு செலவுத் திட்டத்தோடு செலவை ஒப்பிடுதல். கிணற்றுக்கெனத் தந்த பணத்தைப் பாதைக்குச் செலவிடல் ஆகாது. பாதை எத்துணை அவசியமாயினும் நன்கொடையாளரின் எழுத்துமூல இசைவு முதலில் வேண்டும். பிறநாட்டு நாணயமாற்றும் இங்கே இடையூறு விளைக்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. 10,000 டொலர் வாக்களிக்கப்பட்ட ஒரு வேலைக்கு 20 இலட்சம் ரூபாவுக்குத் திட்டமிட்ட சங்கம், 36 இலட்சம் பெறும் நிலை தோன்றியது. மிகுதி தமக்கே என்று மகிழ்வதும் தவறு. சீமெந்தும் கம்பியும் விலையேறியதை எண்ணாது பழைய திட்டத்தையே பற்றி நிற்பதும் தவறு. புதிய விலைக்கூற்றுகளைப் பெற்று, திருத்திய திட்டத்தை எழுதி, இசைவு பெறுதலே முறை. அத்திருத்தத்தை எழுதத் தெரிந்த ஒருவர் இல்லாமையாற் பணம் திரும்பிச் செல்லுதலுங் கூடும்.

நான்காவது, கடமைகளைப் பிரித்து வைத்தல். பொருளைக் கட்டளையிடுபவர் ஒருவர், பெற்று இருப்புப் புத்தகத்திற் பதிபவர் வேறொருவர், பணங்கொடுப்பவர் மற்றொருவர் என இருத்தல் வேண்டும். இஃது எவர்மீதும் ஐயங்கொண்டு செய்யும் ஏற்பாடு எனக் கருதற்க. நேர்மையாளனைப் பழியினின்றுங் காப்பதும் இதுவே.

நிருவாகத் தொண்டு

நிருவாகம் என்பது கோப்புகளோடு முடிவதன்று. நம் மாவட்டத்திற் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். பயனாளிகளைத் தெரிவுசெய்த விதிகள் யாவை, யாருக்கு ஏன் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பவற்றை அவரவர் மொழியில் எழுதி அறிவித்தல் நிருவாகத்தின் தலையாய கடமை. மூதூருக்கு வந்தது சேருவிலவுக்கு வரவில்லை, தம்பலகாமத்துக்கு வந்தது குச்சவெளிக்கு வரவில்லை என்னும் மனத்தாங்கல், அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்ட ஒரு தாளினால் தணிவதுண்டு. கூட்டக் குறிப்பைச் செம்மையாக எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசித்து உறுதிப்படுத்துதலும் அத்தகையதே.

மனித உயிரைப் பேணுதலும் நிருவாகத்தின் பாற்பட்டது. 2006ஆம் ஆண்டு ஓகத்து 4ஆம் நாள், மூதூரில், பட்டினிக்கெதிரான செயற்பாடு என்னும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர் 17 பேர் தம் அலுவலக வளவிற் கொல்லப்பட்டனர். நிறுவனம் பன்னாட்டு நிறுவனம். மாண்டவர் அனைவரும் இந்நாட்டு மக்கள். பன்னாட்டுத் திட்டம் என்று நாம் அழைப்பதன் சுமை யார் தோளிற் கிடக்கிறது என்பதை அந்நாள் உணர்த்திற்று. எவர் இன்று எங்குச் சென்றுள்ளார், எந்த வாகனத்திற் சென்றார், எப்போது மீள்வார், இடர் நேரின் அவரை அழைத்துவரும் முடிவை எடுப்பவர் யார் என்னும் பதிவுகள் வெறுஞ் சடங்குகளல்ல. புயலும் வெள்ளமும் அடிக்கடி வரும் கடற்கரை மாவட்டத்தில் இக்கடமை என்றும் உரியது.

இம்மரபு நமக்குப் புதியதன்று

உலகில் இவ்வகைத் தொண்டுக்கெனப் பல அமைப்புகள் தோன்றியுள்ளன. பிரித்தானியாவில் 1958ஆம் ஆண்டு கடல்கடந்த தொண்டர் சேவை நிறுவப்பட்டது. அமெரிக்காவின் அமைதிப்படை 1961ஆம் ஆண்டு தோன்றி, மறு ஆண்டே இலங்கைக்குத் தொண்டரை அனுப்பியது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970ஆம் ஆண்டு உருவாக்கிய தொண்டர் திட்டம், இன்று ஜேர்மனியின் பொன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. வீட்டிலிருந்தவாறே கணினி வாயிலாகத் தொண்டாற்றும் வழியையும் அது வகுத்துள்ளது. இவ்வமைப்புகள் ஆசிரியரையும் மருத்துவரையும் போன்றே, கணக்காளரையும் நிருவாகிகளையும் நாடுவன.

நம் ஊர்களிலும், 1911ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்குப் பின்னர் தோன்றிய சங்கங்களிற் பாடசாலை ஆசிரியரும் இலிகிதரும் வேதனமின்றிப் பொருளாளராயும் செயலாளராயும் பணிபுரிந்தனர். கோயிற் கணக்கையும் வாசிகசாலைக் கணக்கையும் மாலைவேளைகளில் எழுதியவர்கள் அவர்களே. அம்மரபு அருகிவருங் காலத்திலேயே, பிறநாட்டு நிதியின் சிக்கலான விதிகள் கிராமச் சங்கத்தின் வாயிலுக்கு வந்து நிற்கின்றன.

தொண்டர் காக்கவேண்டிய வரம்புகள்

நல்லெண்ணம் ஒன்றே போதுமென எண்ணுதல் கூடாது. தொண்டர் தனியொருவராகக் காசோலையிற் கையொப்பமிடல் ஆகாது. தம் உறவினரோ நண்பரோ விலைகூறும் வேலையில், அவ்வுறவை எழுத்தில் அறிவித்து விலகிநிற்றல் வேண்டும். சம்பளத்துக்கு ஓர் இளைஞரை அமர்த்தவேண்டிய இடத்தில் இலவசமாக அமர்ந்து அவர் தொழிலைப் பறித்தல் தொண்டாகாது. அவ்விளைஞருக்குப் பக்கத்திலிருந்து பயிற்றி, ஆறு மாதத்தில் தாம் வேண்டாதவராக ஆதலே சிறந்த தொண்டு. பணியின் காலம், வேலை, போக்குவரத்துச் செலவு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வரையறுத்தல் இருசாரார்க்கும் நன்று.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். தொண்டர் அமைப்புகளின் பதிவும் மேற்பார்வையும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்பாற்பட்டன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அரசாங்க அலுவலகங்களைத் தவிர, பிறநாட்டு அரசிடமோ பன்னாட்டு நிறுவனத்திடமோ கணிசமான அளவு நிதி பெற்று மக்கட்சேவை புரியும் அரசு சார்பற்ற அமைப்புகளையுந் தழுவுகிறது. எனவே, கணக்குக் கேட்கும் கிராமவாசி வம்புக்காரர் அல்லர்; உரிமையுடையவர். அவர் கேட்குமுன்னரே, வந்த தொகை இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு எனப் பலகையில் எழுதி வைக்கும் சங்கத்துக்கு அச்சமும் இல்லை, அவதூறும் இல்லை.

அன்பர்க்கு ஒரு வேண்டுகோள்

நம் பழைய மாணவருட் கச்சேரியிலும், துறைமுக அதிகாரசபையிலும், வங்கிகளிலும், கூட்டுறவுத் திணைக்களத்திலும் பணியாற்றி ஓய்வுபெற்றோர் பலர். முப்பது ஆண்டு காசேடு எழுதிய கை, ஓய்வூதியம் பெறத் தொடங்கியதும் எழுத்தை மறந்துவிடுவதில்லை. கிழமையில் ஒரு முற்பகலை ஒரு சங்கத்துக்குக் கொடுப்பின், மாதக் கணக்கிணக்கக் கூற்று நிறைவேறும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் கணக்காளராக விளங்குவோர், கணினி வாயிலாக வரும் காலாண்டறிக்கையைப் படித்துப் பிழைகாட்டின், கணக்காய்வாளர் வருமுன்னர் அது திருந்திவிடும். ஆங்கிலம் வல்லோர் நன்கொடையாளரின் விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். சிங்களம் வல்லோர் அடுத்த ஊரவருக்கு அவற்றை எடுத்துரைக்கலாம்.

விழாக் காலத்திற் கட்டடத்துக்கும் பரிசுக்கும் நன்கொடை அளித்தல் நம் வழக்கம். அதனுடன், பழைய மாணவர் சங்கத்தில் ஒரு பதிவேட்டைத் திறந்து, கணக்கும் நிருவாகமும் அறிந்தோர் தம் பெயரையும், கொடுக்கத்தக்க நேரத்தையும் அதில் எழுதுவாராயின், வேண்டிய சங்கங்கள் அங்கே வந்து கேட்கும். அடுத்த மாரி தொடங்குமுன் ஒரு குடும்பத்தின் கோப்பேனும் உரிய மேசையைச் சென்றடையுமாயின், அப்பதிவேடு திறந்தமை வீண்போகாது.