ஹோஸ் ஏன் கழன்று ஓடுகிறது?

திருமங்கலம் பக்கத்தில் ஒரு மல்லிகைத் தோட்டம். வாய்க்கால் எட்டாத நிலம், கிணறுதான் கதி. மோட்டாரைப் போட்ட மறுநிமிடம் ‘படார்’ என்று ஒரு சத்தம்! பைப்பில் மாட்டியிருந்த ரப்பர் ஹோஸ் கழன்று பாம்பாய்த் துள்ளியது. கம்பியால் இறுக்கிக் கட்டியும் பயனில்லை. ஏன்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஹோஸின் உள்விட்டம் ஓர் அங்குலம் என்றால், அதன் வாய்ப்பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். தண்ணீரை 20 மீட்டர் உயரம் ஏற்றும் அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ எடை. மறுமுனையை மூடினால் ஹோஸைப் பிடுங்கும் விசை 5 × 2 = 10 கிலோ எடை. ஒரு குடம் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டதுபோல! இரண்டு அங்குல ஹோஸில் இது 20 கிலோ அல்ல, 40 கிலோ. விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும் அல்லவா?

வழவழப்பான பைப்பில் இந்த விசையை உராய்வு மட்டுமே தடுக்க வேண்டும். பைப்பில் மரை இருந்தால் ரப்பர் நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கலாம். பிடிக்கும்தான், ஆனால் மரை என்பது சுருள் பள்ளம். அதன் வழியே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து கசிந்துவிடும். தனித்தனி வளையங்களே நல்லது.

அதற்குப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பைப் கட்டர் போதும். ஓர் அங்குல ஹோஸுக்கு முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பை எடுங்கள். வியப்பாக இருக்கிறதா? பைப்பின் அளவு உள்துளையைக் குறிப்பது. முக்கால் அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் ஏறக்குறைய 27 மில்லிமீட்டர். ஹோஸின் உள்விட்டமோ 25. கட்டரை லேசாக இறுக்கிச் சுற்றி, அரை மில்லிமீட்டர் ஆழத்தில் மூன்று வளையப் பள்ளங்கள் போடுங்கள். பைப்பின் கனமே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். ஆழம் கூடினால் பைப் துண்டாகிவிடும்! பிறகு பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேட்டை நுனிப்பக்கம் மட்டும் அரத்தால் சரிக்க வேண்டும். மோட்டார்ப் பக்கத்து விளிம்பு கூராகவே இருக்கட்டும். தூண்டில் முள்ளை எண்ணிப் பாருங்கள்: உள்ளே போவது எளிது, திரும்பி வருவது கடினம். மறுமுனையில் பழைய டையால் மரை வெட்டி, சணல் சுற்றிக் கப்ளிங்கில் முடுக்கிவிடலாம். வைஸும் டையும் பெரியவர் ஒருவர் துணையோடுதான்.

ஹோஸ் முனையைச் சுடுநீரில் சிறிது நேரம் வைத்தால் இளகும். உடனே மாட்டிவிட வேண்டும். கிளாம்ப் இல்லையா? சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, நன்றாக இழுத்துப் பிடித்தபடி இருபது சுற்றுச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் அடியிலுள்ளதை அமுக்குவதால் இறுக்கம் கூடிக்கொண்டே போகும். கம்பியோ ஒரே கோட்டில் அமுக்கி ரப்பரை அறுக்கும். தோட்டத்தில் முதலில் நடந்தது அதுதான்.

வெயிலில் டியூப் வெடித்துப்போகும். கோடைக்கு ஒருமுறை புதிதாகச் சுற்ற வேண்டும்.