ஓடுபவருக்குப் பின்னால் வரும் வண்டி

2011 செப்டம்பர் 2. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் 100 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. ஊர் எதுவும் பக்கத்தில் இல்லாத பாறை நிலம். அங்கே ஒரு மலையிடுக்கில் புதர்த்தீ ஓட்டக்காரர்களைச் சூழ்ந்துகொண்டது. டூரியா பிட் என்ற 24 வயதுப் பெண்ணின் உடலில் 65 சதவீதம் வெந்துபோனது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிச் செல்லப் பல மணி நேரம் பிடித்தது. மாநில நாடாளுமன்றக் குழு விசாரித்து, பாதுகாப்புக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் அமைப்பாளர்கள் செய்யவில்லை என்று 2012இல் அறிக்கை தந்தது.

இத்தகைய பந்தயங்களில் ஓடுபவரின் உறுதியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குக் கவலை, தண்ணீரும் உப்பும் ஐஸ் பெட்டியுமாக வண்டியில் தொடர்ந்து வரும் ‘க்ரூ’வைப் பற்றியும்தான். பெரும்பாலும் அது தம்பி, மனைவி, கூடப் படித்த நண்பன். முதலுதவிப் பயிற்சி இருக்காது. இரண்டு இரவு தூங்காமல் வண்டி ஓட்டுவார்கள். கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஜூலை வெயிலில் 217 கிலோமீட்டர் ஓடும் பேட்வாட்டர் பந்தயத்தின் விதிகளைப் படித்துப் பாருங்கள். ஆபத்தில் மீட்டுக்கொண்டுபோகும் செலவு ஓடுபவரையோ க்ரூவையோ, அவர்கள் இறந்தால் வாரிசுகளையோ சேரும் என்று எழுதியிருக்கிறது. உதவிக்குப் போகிறவரும் அந்தச் சுமைக்குள் வருகிறார் என்பதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

க்ரூ அன்பால் செய்யும் தவறு ஒன்று உயிரையே வாங்கும். ஓடுபவர் குழம்பிப் பேசினால், வாந்தி எடுத்தால், ‘தண்ணீர் குறைந்துவிட்டது’ என்று பாட்டில் பாட்டிலாகக் குடிக்க வைப்பார்கள். அளவுக்கு மீறிய தண்ணீரால் இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான். விரல் வீங்கி, உடல் எடை கூடியிருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவரைத் தேடுங்கள். உடல் கொதித்து, நினைவு தடுமாறினால் வெப்பத்தாக்கு. வண்டியில் ஏற்றும் முன்பே குளிர்ந்த நீரிலோ ஐஸ் துண்டுகளாலோ உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். வலி மாத்திரை கேட்டால் கொடுக்காதீர்கள். நீண்ட ஓட்டத்தில் ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் க்ரூவில் ஒருவருக்கு இருக்க வேண்டும். அதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே எழுதி, ஓடுபவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். இலக்கு நெருங்கிய பின் அவர் யார் பேச்சையும் கேட்கமாட்டார். வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும். ஒருவர் தூங்க, ஒருவர் ஓட்ட.

நம் நாட்டில் லடாக்குக்கு ஓடப் போகிறவர்களுக்கு வேறு சிக்கல்கள். அங்குள்ள கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல் உயரம். தலைவலியோடு தள்ளாட்டமும் மூச்சுத் திணறலும் வந்தால், கீழே இறக்குவதுதான் முதல் மருந்து. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும், அதற்கும் கணவாய்ப் பக்கம் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. அனுமதியில்லாமல் சாட்டிலைட் ஃபோன் வைத்திருப்பதோ குற்றம். ஆகவே, அனுமதி பெற்ற தொடர்புக் கருவி யாரிடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், எந்த வானிலையில் பந்தயத்தை நிறுத்துவார்கள் என்று அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். சீனாவின் கான்சூ மாகாணத்தில் 2021 மே மாதம் நடந்த 100 கிலோமீட்டர் மலைப் பந்தயத்தில் திடீர்க் குளிர் 21 பேரைப் பலிகொண்டது. காற்றுத் தடுப்புச் சட்டை அங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை.

பதிவுப் படிவத்தில் க்ரூ ஒவ்வொருவரின் பெயரும் ஏறட்டும். விபத்துக் காப்பீடு அவர்களுக்கும் உண்டா, சாகச விளையாட்டும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா என்று பாருங்கள். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள்; விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம்.

‘எது நடந்தாலும் வழக்குப் போடமாட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நீதிமன்றக் கதவை முழுதாக அடைக்கும் ஒப்பந்த வாசகம், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி செல்லாது. கட்டணம் கட்டி ஓடியவர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்கலாம். மின்னஞ்சல், ரசீது, ஜிபிஎஸ் பதிவு, மருத்துவச் சான்று எதையும் அழிக்காதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளலாம். பந்தயம் லடாக்கில் நடந்திருந்தாலும் மதுரைக்காரர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு.