தொலைக்காட்சி நகைச்சுவை: சிரிப்புக்கு விலை கொடுப்பது யார்?

பழைய நகைச்சுவைக் காட்சிகள், அவை எடுக்கப்பட்ட காலத்தை விட இன்று அதிகமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அன்று ஒரு படத்தைத் தியேட்டரில் ஒரு முறை பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். இன்று சன் குழுமத்தின் ஆதித்யா போன்ற, நாள் முழுவதும் நகைச்சுவை மட்டுமே காட்டும் அலைவரிசைகள் இருக்கின்றன. அங்கு பார்த்ததே யூடியூபில் துண்டு துண்டாக வருகிறது, டிக்டொக்கில் வருகிறது, வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வந்து நிற்கிறது. பண்டாரவளை நகரத்து வீடுகளிலும், சுற்றியுள்ள தோட்டங்களின் லயன்களிலும் மாலையானதும் ஓடுவது பெரும்பாலும் தமிழ்நாட்டு அலைவரிசைகள்தான். 2007இல் பிறந்தே இராத பிள்ளைகள் அந்த வருடத்துப் படத்தின் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

ஆகவே, அந்தப் பழைய நகைச்சுவைகளில் பெண்களை எப்படிக் காட்டினார்கள் என்று கேட்பது பழைய கதையைக் கிளறுவதல்ல. இன்று நம் வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிய கேள்வி அது.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். "பகிடிதானே, இப்போதுள்ளவர்களுக்கு எதற்கெடுத்தாலும் மனம் நோகிறது" என்பது ஒன்று. "எல்லாமே குப்பை, டீவியை நிறுத்து" என்பது மற்றது. இரண்டுமே யோசிப்பதைத் தவிர்க்கும் பதில்கள். சில பழைய பகிடிகள் இன்றும் சிரிக்க வைக்கின்றன. சில முகம் சுளிக்க வைக்கின்றன. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கவையும் சங்கவையும்

2007இல் ஷங்கர் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்து வெளிவந்த 'சிவாஜி' படத்தைப் பார்க்காதவர் குறைவு. அதில் பேராசிரியர் சாலமன் பாப்பையா ஒரு தகப்பனாக வருவார். அவருக்கு அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண் பிள்ளைகள். நிறத்தைக் கறுப்பாகக் கூட்டிய ஒப்பனையோடு அவர்கள் திரைக்கு வருவார்கள். கதாநாயகனும் அவருடைய மாமாவும் அவர்களைக் கண்டு பதறுவார்கள். அந்தப் பதற்றம்தான் பகிடி. அந்தப் பெண்களுக்குக் கதையில் வேறு வேலை கிடையாது.

இதே படத்தில் கதாநாயகனும் கறுப்பர்தான். நிறத்தைக் கதாநாயகி ஒரு காரணமாகச் சொன்னதும் அவர் வெள்ளையாக முயற்சி செய்வார். அதுவும் நகைச்சுவைதான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆணின் கறுப்பு, படம் முடிவதற்குள் அழகாகவும் கம்பீரமாகவும் ஆகிவிடுகிறது. பெண்ணின் கறுப்பு கடைசி வரை ஓட வைக்கும் விஷயமாகவே இருக்கிறது.

பெயர்களையும் கவனிக்க வேண்டும். அங்கவை, சங்கவை என்பவை பாரி வள்ளலின் மகள்மாருக்குத் தமிழ் மரபு வழங்கும் பெயர்கள். தந்தையை இழந்த அந்தப் பெண்கள் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாடலே இருக்கிறது. சங்க காலத்தில் புலவர்களாக மதிக்கப்பட்ட இரு பெண்களின் பெயர்கள், இன்று கூகுளில் தேடினால் ஒரு நிறப் பகிடியோடு சேர்ந்து வருகின்றன.

ஒரு நகைச்சுவைக் காட்சி தியேட்டரோடு முடிந்துவிடுவதில்லை. அது வகுப்பறைக்குள் பட்டப்பெயராகப் போகிறது. வெயிலிலும் பனியிலும் நின்று கொழுந்து பறிக்கும் தாயின் நிறமும், அந்தத் தாயின் மகளின் நிறமும் அப்போது பகிடிக்கு உரியதாகின்றன. நகரத்தில் நம் பெண் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பெண் பார்க்க வரும் இடத்தில் "பிள்ளை நிறம் கொஞ்சம் குறைவு" என்று சொல்லும் வாய்க்கு இந்தச் சிரிப்பு தைரியம் கொடுக்கிறது.

அங்கு இல்லாத மனைவி

இரண்டாவது வகை, மனைவிப் பகிடி. மேடைப் பேச்சிலும் பட்டிமன்றத்திலும் தொலைக்காட்சி நகைச்சுவைப் போட்டிகளிலும் இது வற்றாத ஊற்று. மனைவி சமைத்தால் வாயில் வைக்க முடியாது, கடைக்குப் போனால் பர்ஸ் காலி, வாயைத் திறந்தால் ஊரே ஓடும். சொல்பவர் எப்போதும் கணவன். அவர் சொல்வதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த மேடையில் இருப்பதில்லை. ஒரு வழக்கில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது போன்றது இது.

இருக்கிற இடத்திலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. 2013இல் ஹிந்தியில் தொடங்கிய கபில் சர்மாவின் நிகழ்ச்சியில் மனைவியாக நடித்த சுமோனா சக்கரவர்த்தியின் உதடுகளை அவர் வாராவாரம் கேலி செய்தார். அதே நிகழ்ச்சியில் பாட்டி வேடத்தில் வந்தவர் ஒரு ஆண். விஜய் டீவியின் 'அது இது எது' போன்ற நிகழ்ச்சிகளிலும் பெண் வேடத்தில் ஆண்கள் வருவது வாடிக்கை. ஆண் பெண் வேடம் போடுவது நம் கூத்து மரபிலும் உண்டு. ஆனால் கூத்தில் அந்த வேடத்துக்கு ஒரு பாத்திரமும் துயரமும் இருக்கும். தொலைக்காட்சியில் பெரும்பாலும் மிஞ்சுவது இடுப்பும் நெளிவும் குரலும்தான். பெண் என்பவள் ஒரு ஆளாக இல்லாமல் சில அசைவுகளாகச் சுருங்கிப் போகிறாள்.

இந்தப் பகிடிகள் ஏன் பழசாகின்றன? மனிதர்கள் மென்மையாகிவிட்டதால் அல்ல. அன்று சிரிப்புக்கு விலை கொடுத்தவருக்கு வாய் இல்லை. இன்று அவரும் அதே அறையில் உட்கார்ந்து பார்க்கிறார். அவர் கையில் போன் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. அவர் சிரிக்கவில்லை என்பது முதல் தடவையாக மற்றவர்களுக்குத் தெரிகிறது.

பழையதெல்லாம் பழுதல்ல

அதற்காகப் பழைய நகைச்சுவை முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. 1989இன் 'கரகாட்டக்கார'னில் வரும் வாழைப்பழக் காட்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கு சிரிப்பு ஒருவரின் உடலில் இல்லை, செந்தில் போடும் கணக்கில் இருக்கிறது.

1995இல் பாலு மகேந்திரா இயக்கி, கிரேஸி மோகன் வசனம் எழுதிய 'சதி லீலாவதி'யைப் பாருங்கள். பருமனான மனைவியைப் பிடிக்காமல் வேறு பெண்ணிடம் போகும் கணவனின் கதை. இதே கதையை வேறு யாராவது எடுத்திருந்தால் அந்த மனைவியின் உடம்பே இரண்டரை மணி நேரப் பகிடியாகியிருக்கும். ஆனால் இங்கு அகப்பட்டுக்கொண்டு முழிப்பவர் கணவன். கல்பனா நடித்த லீலாவதிக்குக் கோபம் உண்டு, அறிவு உண்டு, குழந்தைகள் மீது கவலை உண்டு. கோவை சரளாவும் கணவனுக்கு எடுபிடியாக வரவில்லை. தன் கொங்குத் தமிழில் கேள்வி கேட்பவராக வருகிறார். முப்பது வருடம் கழித்தும் இதைக் குடும்பத்தோடு பார்க்க முடிவதற்கு இதுதான் காரணம்.

விஜய் டீவியின் 'லொள்ளு சபா'விலும் உடற்கேலி இருந்தது. அந்தப் பகுதிகள் இன்று சப்பென்று இருக்கின்றன. பெரிய கதாநாயகர்களின் வீரவசனங்களைக் கிண்டல் செய்த பகுதிகளையோ இன்றைய இளைஞர்களும் தேடிப் பார்க்கிறார்கள். பலம் உள்ளவரைச் சீண்டிய பகிடி நிலைத்திருக்கிறது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1970களில் இலங்கை வானொலியில் புகழ்பெற்ற 'கோமாளிகள்', பின்னர் 1976இல் திரைப்படமாகவும் வந்தது. முஸ்லிம் அல்லாத எஸ். ராமதாஸ் அதில் எமது பேச்சுத் தமிழைப் பேசும் மரிக்காராக நடித்தார். பி.எச். அப்துல் ஹமீத் ஐயராக நடித்தார். ஒருவர் மற்றவரின் மொழியைக் கற்று, அதை ரசித்து, அதில் வாழ்ந்து காட்டியதால் அங்கு கேலி காயமாகவில்லை. ராமதாஸ் சாகும் வரை மரிக்கார் ராமதாஸ் என்றே அழைக்கப்பட்டார். ஆனாலும் முக்கியமான நான்கு குரல்களும் ஆண் குரல்களே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தன்னைத் தானே கேலி செய்தால்?

"பெண்களே தங்களைக் கேலி செய்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். 'கலக்கப் போவது யாரு' மேடையில் புகழ்பெற்ற அறந்தாங்கி நிஷா தன் நிறத்தையும் உடம்பையும் வைத்தே பல பகிடிகள் செய்தார். ஊர் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட்டால் ஊரின் ஆயுதம் பறிபோகிறது. அதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த மனோரமாவிலிருந்து வரும் துணிச்சல் அது.

ஆனால் ஒரு திறமைசாலிப் பெண் மேடை ஏறுவதற்கான நுழைவுச்சீட்டு அவளுடைய நிறம்தான் என்று ஆகிவிட்டால், அது அவள் தேர்ந்தெடுத்ததா, அவளுக்கு விட்டுவைக்கப்பட்டதா என்று நாம் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்பதை விட, சிரிக்கும் நம்மிடம் கேட்பதே நியாயம்.

நாம் பகிடியான போது

கேலியின் சுவை நமக்குத் தெரியாததல்ல. 1977 முதல் 1979 வரை பிரித்தானியாவில் ஒளிபரப்பான 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரை இங்கும் பலர் ரசித்தார்கள். அதில் வரும் பாகிஸ்தானியரான அலி நதீம் எதையும் விளங்கிக்கொள்ளாதவர். ஜமீலா என்ற பெண்மணியோ பின்னல் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருப்பவர். இனங்களைப் பற்றிய வார்ப்புப் படங்கள் என்ற விமர்சனத்தால் அந்தத் தொடர் நிறுத்தப்பட்டது. தமிழ்ப் படங்களில் "நம்பள், நிம்பள்" என்று பேசும் பாத்திரங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். மலையகத் தமிழருக்கும் இது தெரியும். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைப் பகிடியாகச் சொன்னவர் சிரித்திருப்பார், கேட்டவர் சிரித்ததில்லை.

அந்த வலி தெரிந்த நாம், நம் வீட்டுப் பெண்கள் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். சூரா ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைக் கேலி செய்வதைத் தடுக்கிறது. அதில் பெண்களைத் தனியாகவும் குறிப்பிட்டு, பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறது. ஸபிய்யா (ரழி) அவர்களின் உயரத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு சொல், கடலில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் அளவுக்கு மோசமானது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறது. இதைப் பயானில் கேட்டுவிட்டு வந்து, அன்றிரவே அங்கவை சங்கவைக்குச் சிரிப்பதில் உள்ள முரண்பாட்டை நம் பிள்ளைகள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

என்ன செய்யலாம்?

தடை தீர்வாகாது. தடுத்ததைப் பிள்ளை போனில் பார்த்துக்கொள்ளும். கூட இருந்து பார்ப்பதே நல்லது. பார்க்கும் போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்கலாம். இந்தச் சிரிப்புக்கு விலை கொடுப்பவர் யார்? அவரால் பதில் சொல்ல முடியுமா? அவர் நம் ராத்தாவாகவோ தங்கச்சியாகவோ இருந்தால் நாம் சிரிப்போமா?

பாடசாலைக் கலை விழாக்களுக்கும் கல்யாண வீட்டு மேடைகளுக்கும் இது பொருந்தும். தொலைக்காட்சியில் பார்த்த மாமியார், மனைவி வேடங்களைப் பிள்ளைகள் அப்படியே மேடை ஏற்றும் போது, பொறுப்பான ஆசிரியர்கள் எழுத்துப் பிரதியை ஒரு முறை வாசித்துப் பார்த்தாலே பாதி சரியாகிவிடும்.

காலமும் நிற்கவில்லை. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டம் அம்பிகா சாமுவேலையும், நுவரெலியா மாவட்டம் கிருஷ்ணன் கலைச்செல்வியையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மலையகத் தமிழ்ப் பெண்கள் அந்த இடத்துக்குத் தெரிவானது அதுவே முதல் தடவை. "பெண் புத்தி" என்று தொடங்கும் பகிடியைப் பதுளையில் சொல்பவர் இனி அதையும் நினைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை வீட்டில் எல்லோரும் சிரிக்கும் போது ஒரு பெண் பிள்ளை மட்டும் சிரிக்காமல் இருந்தால், "பகிடியும் விளங்காதா?" என்று கேட்காதீர்கள். அவளுக்குத்தான் அது நன்றாக விளங்கியிருக்கிறது.