ரம்புட்டான் பூத்தது... காய்க்கவில்லை!

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமாநுஜர். இருங்காட்டுக்கோட்டை என்றால் ஹூண்டாய். ஒரகடம் என்றால் ரெனோ நிசான், ராயல் என்ஃபீல்டு. கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும் இந்தப் பக்கத்தில், பாதியாக அறுத்த நீல டிரம்மும் ஒரு பை தொழு உரமும் இருந்தால் வாடகை வீட்டு மொட்டை மாடியும் தோட்டம்தான். கத்திரியும் தக்காளியும் கைகொடுத்த பிறகு, ஆசை அடுத்த படிக்குப் போகிறது. ரம்புட்டான், மங்குஸ்தான், ஜபோட்டிகாபா!

செல்போனில் படம் பார்த்து, பணம் அனுப்பினால் கூரியரில் கன்று வந்துவிடுகிறது. சாண் உயரக் கன்றுக்குச் சில நூறு ரூபாய். பெயர் அரிதாக இருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஆனால், வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. இது விதைக் கன்றா, ஒட்டுக் கன்றா?

ரம்புட்டானில் இந்தக் கேள்விதான் எல்லாமே. விதையிலிருந்து வளர்ந்த மரங்களில் கணிசமானவை ஆண் மரங்களாகிவிடும். ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றி, உரம் வைத்து, ஒருநாள் கொத்துக் கொத்தாகப் பூக்கும்போது வீடே கொண்டாடும். பூ உதிரும். அவ்வளவுதான், அந்த மரம் ஆயுசுக்கும் காய்க்காது. நல்ல தாய் மரத்திலிருந்து மொட்டு எடுத்து ஒட்டிய கன்று என்றால் மூன்று, நான்கு வருடங்களிலேயே பழம் பார்க்கலாம். தண்டின் அடிப்பகுதியில் ஒட்டுப் போட்ட தழும்பு தெரிகிறதா, இலைகள் அந்தத் தழும்புக்கு மேலிருந்து வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கீழிருந்து துளிர்த்தவை என்றால், ஒட்டிய பகுதி செத்து, வேர்ச்செடி மட்டும் வளர்கிறது என்று அர்த்தம்.

மங்குஸ்தான் கதை நேர் எதிர். அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவதால், விதைக் கன்றும் தாயைப் போலவே இருக்கும். காத்திருப்புதான் கொடுமை, ஏழெட்டு வருடமாவது ஆகும். மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் இருக்கும் கல்லாறு, பர்லியாறு அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கின்றன. குழந்தை வரம் தரும் என்ற நம்பிக்கையில் துரியனைத் தேடி அங்கே போகிறவர்கள் உண்டு. ஆனால், அங்கே இருக்கும் மலையடிவார ஈரமும் நிழலும் ஒரகடத்து மே மாத மாடியில் ஏது? இங்கே மங்குஸ்தான் வைப்பது பாசத்துக்குத்தான், பழத்துக்கு அல்ல.

‘காய்ந்த விதை பாக்கெட்’ வியாபாரமும் நடக்கிறது. மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் விதைகள் ஈரம் காய்ந்தால் உயிர் போய்விடும். பழம் தின்ற சூட்டோடு நட்டால்தான் முளைக்கும். கவரில் காய்ந்து வந்தது வெறும் கொட்டைதான்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பையில் விதையோ குச்சியோ போட்டு எடுத்துவரச் சொல்வது இன்னும் ஆபத்து. 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். வீண் கெடுபிடி என்று தோன்றலாம். 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று விவசாயிகளை அது அழவைத்தது. 2010-ல் அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பிறகே அடங்கியது.

சரி, இந்த வெயிலில் எதுதான் வரும்? டிராகன் ஃப்ரூட், பார்படாஸ் செர்ரி, முட்டைப்பழம், ஸ்டார் ஃப்ரூட் எல்லாம் தாங்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் ஸ்டார் ஃப்ரூட்டைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு அவர்கள் உடலிலிருந்து வெளியேறாமல் மூளையைப் பாதிக்கும். கன்று விற்பவர் இதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். எலுமிச்சையையே இனிக்கவைக்கும் மிராக்கிள் ஃப்ரூட்டுக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். உப்புப் போர்த்தண்ணீர் ஊற்றினால் இலை மஞ்சளாகும், மழைநீர் பிடித்துவைத்தால் பிழைக்கும்.

வீட்டிலிருந்தே விற்க நினைக்கும் பெண்களுக்கு டிராகன் நல்ல தொடக்கம். ஒரு முழத் தண்டை வெட்டி, சில நாள் நிழலில் காயவைத்து நட்டால் வேர் பிடிக்கும். தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும். சில ரகங்கள் தன் மகரந்தத்தில் காய்க்காது, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டுவைக்க வேண்டும். பூவோ ராத்திரியில் மலர்ந்து காலையில் வாடிவிடும். செகண்ட் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு ஒரு வேலை ரெடி!

டிரம் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் பழைய டிரம் மலிவாகவே கிடைக்கும். அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாவிட்டால், அதில் பழச்செடி வேண்டாம். வீடு மாறும்போது தூக்க முடிகிற அளவில், சமையல் எண்ணெய் வந்த டிரம் போதும். அதன் மேல் ரகத்தின் பெயர், விதையா ஒட்டா, நட்ட தேதி மூன்றையும் பெயின்ட்டில் எழுதிவைத்தால், நாளை அதிலிருந்து ஒரு கன்று விற்கும்போது வாங்குகிறவர் கேட்கும் கேள்விக்கு அதுவே பதில்.