அரக்கின் மறுவாழ்வு

ஒரு பொருளின் விற்பனை குறையத் தொடங்கியதும், அதன் காலம் முடிந்துவிட்டது என்று கருதுவது உலக இயல்பு. அவ்வாறு இருமுறை கருதப்பட்டும் இன்றளவும் நிலைத்திருப்பது அரக்கு. அதன் வரலாறு களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் நல்லதொரு பாடமாகும்.

புரசு, இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சி, தன் உடலைக் காக்கச் சுரக்கும் பிசினே அரக்கு. முற்காலத்தில் அதினின்று பெற்ற செஞ்சாயமே பெரிதும் மதிக்கப்பட்டது. 1856-இல் பெர்க்கின் என்னும் ஆங்கிலேயர் செயற்கைச் சாயத்தைக் கண்டபின், மலிவான சாயங்கள் பெருகின. அரக்குச் சாயம் சந்தையை இழந்தது. ஆயினும் பிசின் கைகொடுத்தது. மெருகெண்ணெய்க்கும், பின்னர் நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளுக்கும் அது வேண்டியதாயிற்று. 1948-இல் வினைல் இசைத்தட்டு வெளிவந்ததும் அச்சந்தையும் தேயத் தொடங்கியது.

இரண்டாம் முறை வந்த இச்சரிவை எதிர்கொள்ள ஆராய்ச்சி துணைநின்றது. ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னும் ஊரில் 1924-இல் நிறுவப்பெற்ற அரக்கு ஆராய்ச்சி நிலையம், பெயர் மாற்றங்கள் பெற்று இன்றும் பணியாற்றி வருகிறது. மலிவில் செயற்கைப் பிசின்களோடு போட்டியிடுவது அரிது. எனவே, அரக்கிற்கே உரிய சிறப்பியல்புகளை நாடுவதே தக்க வழி. அரக்கு நச்சற்றது, உண்ணத்தக்கது. அமிலத்தில் கரையாது, காரத்தில் கரையும். ஆகவே, அரக்குப் பூசிய மாத்திரை இரைப்பையில் சிதையாமல் சென்று குடலில் கரைகிறது. பழங்களின் மீது பூசினால் அவற்றின் நீர் விரைவில் வற்றுவதில்லை. அரக்கினின்று பெறும் அலூரிட்டிக் அமிலம் கஸ்தூரி மணமுடைய வாசனைப் பொருள்கள் செய்ய உதவுகிறது.

இவ்வியல்பை வகுப்பறையிலேயே காட்டலாம். தூய அரக்குத் தகட்டின் சிறு துண்டுகளை எலுமிச்சைச் சாற்றிலும், சலவைச் சோடா கலந்த வெந்நீரிலும் இட்டுப் பார்க்கச் செய்க. முன்னதில் துண்டு அப்படியே கிடக்கும். பின்னதில் மெல்லக் கரையும்.

மருந்துக்கும் உணவுக்கும் செல்லும் அரக்கு தூயதாக இருத்தல் வேண்டும். அத்தூய்மை மரத்தடியிலேயே தொடங்குகிறது. ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் முதலிய பகுதிகளில் பழங்குடி மக்கள் பலருக்கு அரக்கு ஒரு துணை வருவாய். அவசரச் செலவு நேரும்போது, குஞ்சுகள் வெளிவருமுன்னரே கிளைகளை வெட்டி விற்பதுண்டு. இதனால் பிசினின் தரம் தாழ்வதோடு, அடுத்த பருவத்திற்கு விதையரக்கும் இல்லாமற் போகிறது.

ஆதலின் களப்பணியாளர் வலியுறுத்த வேண்டியவை சில: மரங்களை உரிய காலத்தில் கவாத்துச் செய்தல், ஒவ்வொரு மரத்திலும் ஒரு பகுதியை விதைக்கென விட்டுவைத்தல், விதையரக்கை அங்குலத்திற்கு 60 கண்கள் உள்ள நைலான் வலைப்பையிலிட்டுக் கட்டுதல். அரக்குக் குஞ்சுகள் அக்கண்களின் வழியே வெளியேறும். அவற்றைத் தின்னும் அந்துப்பூச்சிகள் பையினுள் சிக்கும். ஏறக்குறைய மூன்று வாரங்களில் வெற்றுக் குச்சிகளை அகற்றிவிடல் வேண்டும். அறுத்த அரக்கை வெயிலில் குவிக்காது நிழலில் பரப்பி உலர்த்துதல் நன்று. வெப்பத்தால் அது கட்டியாகித் தரம் இழக்கும்.

பழைய பயன் மறைந்தாலும் பொருளின் குணம் மறைவதில்லை. அக்குணத்திற்குப் புதுப் பயன் காண்பது ஆராய்ச்சியாளர் கடன். அது கெடாமல் காப்பது பயிரிடுவோர் கடன். இவ்விருவரையும் இணைப்பது நம் பணியாகும்.