ரோபோவுக்கும் நமக்கும் நடுவே ஒரு நொடி



தொழில்நுட்பம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் எப்படித் தொடங்குகிறார்கள்? "இன்றைய நவீன உலகில் ரோபோக்கள் மனிதனின் வேலையை எளிதாக்குகின்றன." அடுத்த பத்தியில் அதே ரோபோ மனிதனின் வேலையைப் பறித்துவிடும். அப்புறம் முடிவுரை. எந்த ரோபோ, எந்த வேலை, எப்படி என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. தப்பு மாணவர்மேல் மட்டும் இல்லைங்க. நாம் கொடுக்கும் கருத்துக் குறிப்புகளும் அப்படித்தான் இருக்கின்றன.

எனவே இந்த முறை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழக ரோபோ ஆய்வகங்களில் மெய்நிகர்க் கண்ணாடியும் இருப்பதுண்டு. ரோபோவைச் செய்யும் இடத்தில், தலையில் மாட்டிக்கொள்ளும் அந்தக் கண்ணாடிக்கு என்ன வேலை?

நம் ஊரிலேயே தொடங்குவோம்

பினாங்கில் இருப்பவர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1969இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தை நாம் யூஎஸ்எம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் முதன்மை வளாகம் தீவில், கெலுகோரில் இருக்கிறது. பொறியியல் வளாகம் பெருநிலத்தில், நிபோங் திபாலில் இருக்கிறது. அங்கே நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களை ஆராயும் குழு ஒன்று உண்டு.

நீருக்கடியில் ஏன்? நம்மைச் சுற்றிப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் இருப்பதே ஒரு தீவில். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் முதல் பாலம் 1985இலும், இரண்டாவது பாலம் 2014இலும் திறக்கப்பட்டன. பாலம் என்றால் கடலுக்குள் தூண்கள் இருக்கும். தூணில் விரிசல் இருக்கிறதா, அடியில் மண் அரித்திருக்கிறதா என்று யாராவது இறங்கிப் பார்க்க வேண்டும். கலங்கிய நீர், இழுக்கும் நீரோட்டம், குறைந்த வெளிச்சம். மனிதர் இறங்கினால் ஆபத்து. இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் நீரடி ரோபோ தேவைப்படுகிறது.

கடலுக்குள் செய்தி மெதுவாகத்தான் போகும்

கைப்பேசிக்கு உதவும் வானொலி அலையைக் கடல்நீர் விரைவில் உறிஞ்சிவிடும். ஒளியும் கலங்கிய நீரில் அதிக தூரம் போகாது. எஞ்சி நிற்பது ஒலி. கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கம்பி இல்லாத ஒரு ரோபோ 750 மீட்டர் தள்ளி இருக்கிறது. "நில்" என்கிறீர்கள். தூரத்தை வேகத்தால் வகுங்கள். கட்டளை போய்ச் சேர அரை நொடி, "நின்றுவிட்டேன்" என்ற பதில் வர இன்னோர் அரை நொடி. மொத்தம் ஒரு நொடி. அதற்குள் நீரோட்டம் ரோபோவைத் தூணில் மோதவிட்டிருக்கலாம்.

கம்பி கட்டி விடலாமே என்று மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. பல நீரடி ரோபோக்கள் கம்பியோடுதான் இறங்குகின்றன. ஆனால் கம்பி தூணில் சிக்கும், நீரோட்டம் அதை இழுக்கும், அதன் நீளத்துக்குமேல் ரோபோ போகாது.

தலையில் மாட்டும் திரை பொறுக்காது

இனி கண்ணாடிக்கு வருவோம். 1968இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட், தலையில் மாட்டிப் பார்க்கும் கணினித் திரை ஒன்றை உருவாக்கிக் காட்டினார். மேற்கூரையிலிருந்து தொங்கிய கனமான கருவி அது. அதில் அவருக்குத் துணைநின்றவர் பாப் ஸ்ப்ரோல் என்ற மாணவர்.

தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்ப வேண்டும். ஏறத்தாழ 20 மில்லி நொடிக்குள் அது நடக்காவிட்டால் உடல் கண்டுபிடித்துவிடும். காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு "திரும்பிவிட்டேன்" என்கிறது, கண் "இன்னும் திரும்பவில்லை" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. படகில் போகும்போது சிலருக்கு வருவதுபோலத்தான்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். கண்ணாடி பொறுப்பது 20 மில்லி நொடி. நம் கடல் ரோபோ எடுத்துக்கொள்வது 1000 மில்லி நொடி. 50 மடங்கு! ஆக, ரோபோவின் கேமராவை அப்படியே கண்ணாடியில் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது.

கொஞ்சம் நகர், பிறகு காத்திரு

தாமதம் மனிதரை என்ன செய்யும் என்று 1960களிலேயே அமெரிக்காவின் எம்ஐடியில் ஆராய்ந்தார்கள். பேராசிரியர் தாமஸ் ஷெரிடனும் அவரிடம் ஆய்வு செய்த வில்லியம் ஃபெரலும் தொலைவிலிருந்து இயக்கும் கை ஒன்றை வைத்து, வேண்டுமென்றே தாமதத்தைப் புகுத்திப் பார்த்தார்கள். இயக்குபவர்கள் தாமாகவே ஒரு வழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். கொஞ்சம் நகர்த்துவது, நிறுத்துவது, பதில் வரும்வரை காத்திருப்பது, மறுபடி நகர்த்துவது. வேலை முடிந்தது, ஆனால் நேரம் கூடியது.

1970 நவம்பரில் சோவியத் நாட்டின் லுனகோட் 1 ஊர்தி நிலவில் இறங்கியபோதும் இதே சிக்கல்தான். நிலவு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் போகும் செய்திக்கே போய்வர இரண்டரை நொடிக்குமேல் ஆகும். பூமியில் இருந்த ஓட்டுநர்கள் அந்தத் தாமதத்தோடுதான் அதை ஓட்டினார்கள்.

கண்ணாடியின் வேலை என்ன?

முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ரோபோவும் அதன் சுற்றுப்புறமும் எப்படி இருக்கும் என்ற மாதிரியைக் கணினிக்குள் உருவாக்குகிறார்கள். நீங்கள் தலையைத் திருப்பினால் அந்த மாதிரிதான் உடனே திரும்புகிறது. கண்ணுக்குத் தாமதம் தெரியாது, தலைசுற்றலும் குறையும். கட்டளை கொடுத்தால் மாதிரி ரோபோ உடனே நகரும், உண்மை ரோபோ பிறகு நகரும். கூடவே, "தூணுக்கு ஒரு மீட்டருக்குள் போகாதே" என்பது போன்ற சிறு முடிவுகளை ரோபோவே எடுக்கும்படி விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் இங்கேதான் ஆபத்து. கண்ணாடியில் தெரிவது ஓர் ஊகம். திடீர் நீரோட்டம் உண்மை ரோபோவைத் தள்ளிவிட்டாலும் மாதிரி ரோபோ அழகாக நேரே போய்க்கொண்டிருக்கும். பார்ப்பவர் அதையே நம்பிவிடுவார். அதனால் எது அளந்தது, எது ஊகித்தது என்று காட்சியிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். எப்படிக் காட்டினால் இயக்குபவர் ஏமாறமாட்டார்? இது இளநிலை மாணவரே எடுத்துச் செய்யக்கூடிய நல்ல ஆய்வுக் கேள்வி.

மாணவ ஆய்வாளர் என்ன செய்வார்?

நம் நாட்டில் பொறியியல் படிப்பவர்கள் இறுதியாண்டில் ஓர் ஆய்வுத் திட்டம் செய்தாக வேண்டும். படத்தில் வருவதுபோல் ரோபோவோடு பேசிக்கொண்டிருப்பது அல்ல அது. அளப்பதும் குறிப்பதும்தான் பெரும்பகுதி. கட்டளை கொடுத்த நேரம், நகர்ந்த நேரம், மோதிய தடவைகள் எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். கண்ணாடி மாட்டிப் பார்க்கத் தன்னார்வலர்கள் தேவை. அவர்களிடம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். "தலை சுத்துது" என்று ஒருவர் சொன்னால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், அதையும் முடிவாகப் பதிய வேண்டும். பிடிக்காத முடிவை மறைத்துவிட்டால் அது ஆய்வே இல்லை.

பாதித் தன்னார்வலர்கள் முதலில் சாதாரணத் திரையையும், மீதிப் பேர் முதலில் கண்ணாடியையும் பயன்படுத்துவார்கள். ஏன் தெரியுமா? எல்லாரும் கண்ணாடியை இரண்டாவதாகப் பயன்படுத்தினால், நன்றாகச் செய்தது கண்ணாடியாலா, பழகிவிட்டதாலா என்று சொல்ல முடியாது.

வகுப்பில் செய்து பாருங்கள்

கண்ணாடி வாங்கப் பள்ளியில் பணம் இல்லையா? ஒரு கைக்குட்டை போதும். ஒரு மாணவரின் கண்ணைக் கட்டி, மேசைகளுக்கு நடுவே இன்னொருவர் வாய்மொழியால் வழிநடத்தட்டும். அடுத்த சுற்றில், கண் கட்டியவர் ஒவ்வொரு கட்டளையையும் கேட்டு, மனத்துக்குள் இரண்டு எண்ணிய பிறகே செய்ய வேண்டும். மேசையில் இடித்த தடவைகளையும் எடுத்த நேரத்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். யாரும் சொல்லித் தராமலே வழிகாட்டுபவர் "ஒரு அடி... நில்லு" என்று பேசத் தொடங்குகிறாரா என்று கவனியுங்கள். ஓடாமல் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள், கூர்மையான பொருள்களை அகற்றிவிடுங்கள்.

பிறகு மூன்று வினாக்கள் கேளுங்கள்.

1. தாமதம் கூடியபோது எது மாறியது: வேகமா, பிழையா, இரண்டுமா?
2. கண் கட்டியவர் தானே எடுக்கக்கூடிய ஒரு முடிவு எது?
3. ஒருமுறை செய்த சோதனையை நம்பலாமா?

இனிக் கட்டுரையை எழுதச் சொல்லுங்கள். "ரோபோக்கள் பயனுள்ளவை" என்று எழுதிய மாணவர் இப்போது இப்படி எழுதலாம்: "கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. ஆகவே 750 மீட்டர் தொலைவில் உள்ள ரோபோவிடமிருந்து பதில் பெற ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியில் மோதாமல் இருக்க, ரோபோவே சில முடிவுகளை எடுக்க வேண்டியுள்ளது." ஒரு காரணம், ஓர் எண், ஒரு விளைவு. இதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் திருத்துபவருக்கு, எழுதியவர் புரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

மாணவர்களே, கடைசியாக உங்களுக்கு ஒன்று. மேலே உள்ள கணக்கைத் தமிழிலேயே போட்டுவிட்டீர்கள், இல்லையா? நிபோங் திபால் ஆய்வகத்தில் கேட்கும் கேள்வியும் இதே வகைதான். அந்த வாசல் உங்களுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.