பொங்கும் மாவில் ஒரு தொழில்

இரவு பத்து மணிக்கு அரைத்து வைத்த இட்லி மாவு பானையில் பாதி அளவுதான் இருந்திருக்கும். விடிந்ததும் மூடியைத் திறந்தால் விளிம்புவரை எழும்பி நிற்கும். இரவில் யாரும் அதில் எதையும் ஊற்றவில்லை. ஈஸ்ட் போடவில்லை, சோடா மாவும் போடவில்லை. பிறகு எப்படி மாவு இரட்டிப்பானது?

கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்தில் காலையில் இட்லி விற்கும் ஒட்டுக்கடைக்காரர்களுக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. மாவு பொங்காவிட்டால் இட்லி கல்லாகிவிடும். அளவுக்கு மீறிப் புளித்தால் வாடிக்கையாளர் மறுநாள் வேறு கடைக்குப் போய்விடுவார். சமையலைத் தொழிலாகக் கொள்ள நினைக்கும் மாணவர்கள், அந்தப் பானைக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பானைக்குள் யார்?

உளுந்தின்மீது இயற்கையாகவே பலவகை நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று ‘லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்டஸ்’ என்ற பாக்டீரியா. ஊறவைத்து அரைத்த மாவில் ஈரமும் உணவும் கிடைத்தவுடன் அது வேகமாகப் பெருகுகிறது. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, கரிவளியையும் (கார்பன் டை ஆக்சைடு) லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. கரிவளி மாவைப் பொங்கச் செய்கிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. இதைத்தான் நொதித்தல் என்கிறோம்.

இட்லி மாவை எழும்பச் செய்வதில் இந்தப் பாக்டீரியாவின் பங்கை விளக்கும் ஆய்வு 1965இல் வெளியானது. அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் ஸ்டெயின்கிராஸும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் அதை எழுதினர். நம் பாட்டிமார் ஆய்வுக்கூடம் எதையும் பார்க்காமலே அந்தப் பாக்டீரியாவிடம் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அரிசி மாவை மட்டும் கரைத்து வைத்தால் இப்படிப் பொங்கி நிற்காது. வாயு குமிழாகி வெளியேறிவிடும். உளுந்தில் உள்ள புரதமும் பிசுபிசுப்பான மாவுப்பொருளும் வலைபோல் பின்னிக்கொண்டு அந்தக் குமிழ்களைப் பிடித்து வைக்கின்றன. ஆவியில் வேகும்போது குமிழ்கள் விரிந்து, மாவு அந்த நிலையிலேயே இறுகிவிடுகிறது. இட்லியைப் பிட்டால் தெரியும் சிறு துளைகள் அந்தக் குமிழ்கள் இருந்த இடங்களே.

தோட்டத் தொழிலாளியின் மகன்

இந்த மாவை வைத்தே ஒரு பெரிய நிறுவனத்தை உருவாக்கியவர் பி.சி.முஸ்தபா. கேரளத்தின் வயநாட்டில் பிறந்தவர். தந்தை காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்தார். முஸ்தபா ஆறாம் வகுப்பில் தேர்ச்சி பெறவில்லை. பள்ளியை விட்டு வேலைக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கணித ஆசிரியர் ஒருவர் அவரைத் திரும்பவும் வகுப்பறைக்கு அழைத்து வந்தார். பிறகு கோழிக்கோட்டில் பொறியியல் படித்தார். வெளிநாட்டில் வேலை பார்த்தார். பெங்களூரில் நிர்வாகவியலும் படித்தார்.

பெங்களூரில் அவருடைய உறவினர்கள் மளிகைக் கடை வைத்திருந்தனர். அங்கே இட்லி மாவைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் வளையம் போட்டு விற்பதை அவர்கள் கவனித்தார்கள். மாவின் தரம் நாளுக்கு நாள் மாறியது. இதையே சுத்தமாகவும் ஒரே தரத்திலும் கொடுத்தால் என்ன? 2005இல் 50 சதுர அடி இடத்தில் ‘ஐடி ஃபிரெஷ் ஃபுட்’ தொடங்கியது. உங்கள் வகுப்பறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடம் அது. நாளுக்கு 100 பாக்கெட் விற்பதற்கே ஒன்பது மாதங்கள் பிடித்தன.

வீட்டுப் பானையும் கடை பாக்கெட்டும்

வீட்டில் மாவு பொங்கினால் மகிழ்ச்சி. மூடி ஒட்டிய பாக்கெட்டில் பொங்கினால் நட்டம். உள்ளே சேரும் கரிவளிக்கு வெளியேற வழி இல்லாததால் பாக்கெட் பலூனாக உப்பும். புளிப்பும் ஏறிக்கொண்டே போகும்.

இங்கேதான் வெப்பநிலை முக்கியமாகிறது. சுமார் 30 பாகை செல்சியஸில் இந்தப் பாக்டீரியா சுறுசுறுப்பாக வேலை செய்யும். அதனால் கூலிம் வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரின் குளிர்கால இரவில் கூடுதல் நேரம் வேண்டும். கேமரன் மலையில் இருக்கும் உறவினரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

4 பாகை குளிரில் பாக்டீரியா சாவதில்லை. அதன் வேலை மிகவும் மெதுவாகிறது. அதனால்தான் குளிர்பதனப் பெட்டியில் வைத்த மாவும் சில நாளில் புளிக்கிறது. அரைக்கும் இடத்திலிருந்து லாரி, கடை, வீடு என்று அந்தக் குளிர் எங்கும் அறுந்துவிடக் கூடாது. கடைக்காரர் மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் பெட்டியை அணைத்துவிட்டால் போதும், காலையில் பாக்கெட்டுகள் உப்பிக்கொண்டு நிற்கும். மாவு வியாபாரத்தில் பாதி, குளிரைக் காப்பாற்றும் வேலைதான்.

இதே நிறுவனம் பின்னர், அழுத்தினால் நடுவில் துளையோடு வடை விழும் பாக்கெட்டையும் கொண்டுவந்தது. வடைக்குத் துளை எதற்கு? துளை இருந்தால் சூடான எண்ணெய் நடுப்பகுதியையும் தொடுகிறது. இல்லாவிட்டால் வெளியே சிவந்து, உள்ளே மாவு வேகாமல் நிற்கும். விரலால் துளையிட்ட பாட்டிக்குத் தெரிந்த வெப்பக் கடத்தலைத்தான் பொறியாளர்கள் பாக்கெட்டின் வாயில் வடிவமைத்தார்கள்.

நமக்கு அருகில்

1996 முதல் இயங்கும் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் சில்லு செய்கிறவர்கள் வெப்பநிலையையும் தூசியையும் ஓயாமல் அளக்கிறார்கள். மாவுத் தொழிற்சாலையிலும் அளவீடுதான் உயிர். ‘கை பக்குவம்’ ஒரு குடும்பத்துக்குப் போதும். ஆயிரம் வீடுகளுக்கு ஒரே சுவையைக் கொடுக்க வெப்பமானியும் கடிகாரமும் குறிப்பேடும் வேண்டும்.

மலேசியாவில் உணவு விற்பவர்கள் உணவைக் கையாளும் பயிற்சி பெறவேண்டும், தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகள் கூறுகின்றன. ஒட்டுக்கடையில் தொடங்கினாலும் இதற்கு விலக்கில்லை. மேலும் படிக்க விரும்பினால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும், செர்டாங்கில் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்திலும் உணவுத் தொழில்நுட்பம் கற்கலாம். நுண்ணுயிரியலும் வேதியியலும் அங்கே சமையலறைக்கு வருகின்றன.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் புதிதாக அரைத்த மாவைக் கால் பங்கு ஊற்றுங்கள். ஒன்றை அடுப்படி மேசையிலும் மற்றதைக் குளிர்பதனப் பெட்டியிலும் வையுங்கள். மூடியை இறுக்கவேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறை மாவின் உயரத்தை அளவுகோலால் அளந்து எழுதி, வரைபடம் போடுங்கள். எந்தக் கோடு வேகமாக ஏறுகிறது? எந்த நேரத்தில் ஏற்றம் நிற்கிறது?

பிறகு அந்த வரைபடத்தோடு பக்கத்தில் இட்லி விற்கும் அக்காவிடமோ அண்ணனிடமோ கூட்டம் குறைந்த நேரத்தில் போய்ப் பேசுங்கள். மழைக்காலத்தில் மாவை எத்தனை மணிக்கு அரைக்கிறீர்கள்? உப்பை எப்போது போடுகிறீர்கள்? மிஞ்சிய மாவை என்ன செய்கிறீர்கள்? அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு உங்கள் கோட்டோடு ஒப்பிடுங்கள். பல ஆண்டு அனுபவம் சொல்லும் நேரமும் உங்கள் அளவுகோல் காட்டும் நேரமும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று பாருங்கள். நெருங்காவிட்டால், ஏன் என்று கண்டுபிடிப்பது உங்கள் அடுத்த ஆய்வு.